நேகி அங்கிள் ஏன் விளையாட வரவில்லை

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய், டில்லியிலிருந்து யார் யாருக்கு உன் கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டும் என்று. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதி வைத்திருந்த பட்டியலை வாசித்தேன். என் ஆபீஸ்காரர்கள், கோல் மார்க்கெட்டில் இருக்கும் உன் பழைய கணக்கு டீச்சர், கரோல் பாக் சரோஜா அக்கா குடும்பம். பட்டியலில் இல்லாத ஒரு பெயரை, இருப்பதுபோலக் கடைசியில் சேர்த்துச் சொன்னேன். "மாடில இருந்த நேகி அங்கிளுக்கு ஒண்ணு அனுப்பலாமாடா?" நீ சிரித்துவிட்டாய். "அவரு எதுக்கும்மா? சின்னப் பசங்களோட விளையாடப் பிடிக்காத ஆளு. விடு." அப்புறம் சமையல்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். நான் "சரிப்பா" என்றேன். போனை வைத்த பிறகும் அதே நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் உன்னிடம் சொன்ன வார்த்தைகள் அவை. கிட்டத்தட்ட அப்படியே என்னிடமே திரும்பச் சொல்கிறாய், அதுவும் சிரித்துக்கொண்டு.

போனிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உன் இ‑மெயில் எனக்குத் தெரியும், ஆபீஸில் தினமும் பத்து மெயில் ஆங்கிலத்தில் அடிக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதினால் அது ஏதோ அலுவலகக் குறிப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். மெதுவாகப் படி. சோம்பேறித்தனப்பட்டு நந்தினியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. வரப்போகிற மருமகள் கோயம்புத்தூர்ப் பெண், கடகடவென்று வாசித்துவிடுவாள். முதலில் நீ படி. பிறகு அவளிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுத்தால் நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா திருச்சியில் தொழிற்சாலையில், நான் இங்கே மத்திய அரசு மந்திராலயத்தில் ஸ்டெனோ. இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை, இரண்டு பேருக்கும் மாற்றல் கிடைக்கவில்லை, இரண்டு பேருக்கும் விட மனமும் இல்லை. அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், நாம் கோடை விடுமுறைக்குப் போவோம். மற்ற நாட்களில் இந்தக் கிட்வாய் நகர் கீழ் வீட்டில் நீயும் நானும்தான். வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். பஸ்ஸைப் பிடிக்கவும், சப்பாத்திக்கு மாவு பிசையவும், உன்னைப் படிக்க வைக்கவுமே நேரம் போதாது. ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பயம். காலையில் மார்க்கெட் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று, பின்னால் நிற்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, அப்பாவிடம் "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டுத் திரும்பினால், முழு நாளும் முன்னால் கிடக்கும். பக்கத்து வீடுகளில் சொந்தக்காரர்கள் வருவார்கள், பராத்தா வாசனை வரும், சிரிப்புச் சத்தம் வரும். நம் வீட்டில் நீ தரையில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்து, "அம்மா, போர் அடிக்குது" என்பாய். எனக்கும்தான் என்று நான் சொன்னதில்லை.

அந்த நேரத்தில்தான் என் அதிகாரிக்கு வேறு இடத்துக்கு மாற்றலாகி, அவர் அறையை நான் காலி செய்ய வேண்டி வந்தது. அவர் கோல்ஃப் ஆடுகிறவர். மேஜை இழுப்பறையில் நான்கு வெள்ளைப் பந்துகளை விட்டுப் போயிருந்தார். போன் செய்து கேட்டேன். "உன் பையனுக்குக் கொடு" என்றார். வீட்டுக்கு வந்து கொடுத்தபோது நீ அதன் குழிகுழியான மேல்தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்தாய்.

"இத வச்சு என்னம்மா பண்றது?"

"பெரிய ஆபீசருங்க விளையாடறதுடா. தடியால தட்டி குழிக்குள்ள விழ வைக்கணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்னு நெனைக்கிறேன். நான் எங்க பாத்தேன்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் பின்பக்கப் புல்வெளியில் கரண்டியால் தோண்ட ஆரம்பித்தாய். புல்வெளி என்று பெயர்தான். பாதி புல், பாதி மண், ஒரு கொய்யா மரம், துணி உலர்த்தும் கொடி, ஒழுகும் குழாய். பால்பவுடர் டப்பாக்களை விளிம்பு வரை மண்ணில் புதைத்தோம். ஒன்பது டப்பா. ஒன்றிரண்டுக்கு பக்கத்து வீட்டு, எதிர்வீட்டுக்காரர்களிடம் கேட்டு வாங்கினோம். உன்னிடம் உடைந்த ஹாக்கி மட்டை இருந்தது. எனக்கு எதுவும் இல்லை என்பதால் என் கறுப்புக் குடையைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த கைப்பிடியால் தட்டினேன். டப்பாக்களுக்குப் பெயர் வைத்தது நீதான். நாம் ஊருக்குப் போகும் ரயில் வழி. முதல் டப்பா ஆக்ரா, பிறகு குவாலியர், ஜான்சி, போபால், நாக்பூர், வாரங்கல், விஜயவாடா, மெட்ராஸ். கொய்யா மரத்து வேருக்குப் பக்கத்தில் இருந்த ஒன்பதாவது டப்பா திருச்சி. அதில்தான் பந்து சுலபத்தில் விழாது, வேரில் பட்டுத் திரும்பி ஓடிவிடும். விழுந்ததும் நீ, "அப்பா வீடு வந்தாச்சு" என்று கத்துவாய். முதல் தடவை நீ அப்படிக் கத்தியபோது நான் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். வெயில் என்று நினைத்திருப்பாய்.

நேகி நம் விளையாட்டுக்குள் வந்தது மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ. நீ ஓங்கி அடித்ததில் பந்து உயரக் கிளம்பி மாடி பால்கனிக்குள் போய் விழுந்தது. ஏதோ உடையும் சத்தம் கேட்டது. நீ என் புடவைக்குப் பின்னால் போய் நின்றாய். படியில் செருப்புச் சத்தம். பச்சை ஸ்வெட்டர் போட்ட, ஒல்லியான, நாற்பதைத் தாண்டிய மனிதர், ஒரு கையில் பந்து, இன்னொரு கையில் உடைந்த டீ கிளாஸ். அவரை நாம் அதற்கு முன் படிக்கட்டில் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. கார்வால் மலைக்காரர், வேறொரு மந்திராலயத்தில் வேலை, தனியாக இருக்கிறார் என்று மட்டும் தெரியும். பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உன்னிடம் ஹிந்தியில் கேட்டார், இது என்ன விளையாட்டு என்று. நீ பயம் போய், விதிகளை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாய். குழாய்த் தண்ணீரில் பந்து விழுந்தால் ஒரு அடி கூடுதல், உலரும் துணியில் பட்டால் மறுபடி முதலிலிருந்து, பூனை குறுக்கே வந்தால் கணக்கில்லை. அவர் முழுவதையும் பெரிய ஃபைல் படிப்பவர்போலக் கேட்டுவிட்டு, "அச்சா. என்னையும் சேத்துக்குவியா?" என்றார். அவர் கேட்டது உன்னிடம். என்னிடம் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்றால் அவர் வந்துவிடுவார். செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த ஒரு கோல்ஃப் இரும்புத் தடியைத் தேடிப் பிடித்து, உன் உயரத்துக்கு அறுத்துக் கொண்டுவந்தார். தனக்கு ஒரு நடைத்தடியை வைத்துக்கொண்டார். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அவர் எவ்வளவு மோசமாக ஆடுவார் என்று? ஒரு தடவைகூட உன்னை ஜெயித்ததில்லை. விட்டுக்கொடுத்து ஆடுகிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, உண்மையாகவே வராது. ஆனால் சண்டைக்குக் குறைவில்லை. காற்று அடித்தது என்பார், பந்தின் மேல் எறும்பு உட்கார்ந்திருந்தது என்பார். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அங்கிள், சீட்டிங்" என்பாய். அவர் என்னைப் பார்த்து, அண்ணி முறை வைத்து, "பாபிஜி, நீங்கதான் நீதிபதி, சொல்லுங்க" என்பார். நான் எப்போதும் உன் பக்கம்தான். "அம்மாவும் மகனும் ஒரே கட்சி" என்று தலையில் கை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிடுவார். நான் சிரிப்பேன். சத்தமாகச் சிரிப்பேன். அந்த வயதில் உன் அம்மா வாய்விட்டுச் சிரித்து நீ கேட்டிருந்தால் அது அங்கேதான் கேட்டிருப்பாய்.

அவருடைய மனைவி மலையில், படுத்த படுக்கையாக இருந்த அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தார். நம் வீடு போலவேதான், திசை மட்டும் வேறு. அவர் ஊரில் இந்த விளையாட்டு முடியாது என்பார். சமதரையே கிடையாதாம், இங்கே தட்டினால் பந்து கீழே ஆற்றில்தான் போய் நிற்குமாம். என் ஹிந்தி அப்போதும் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவர் எனக்காக மெதுவாகப் பேசுவார். அவ்வளவுதான் பேச்சு. ஆட்டம் முடிந்ததும் நான் டீ கொண்டுவந்து கொடுப்பேன், அவர் நின்றபடியே குடித்துவிட்டு, கிளாஸைக் குழாயில் தானே கழுவி வைத்துவிட்டுப் படியேறிப் போய்விடுவார். ஒரு நாளும் நம் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

அப்பா பொங்கலுக்கு வந்தபோது அவரும் ஆடினார். நான்கு பேரும் ஆடினோம். அப்பாவுக்கும் நேகிக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. இருந்தாலும் எறும்புச் சண்டையில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு உன்னை எதிர்த்தார்கள். "நல்ல மனுசன்" என்றார் அப்பா.

இதுவரை உனக்கும் தெரியும். இனிமேல் சொல்வது தெரியாது.

கோடைக்கு முன்னால், கரோல் பாக்கில் சரோஜா அக்கா வீட்டில் ஒரு சீமந்தம். டில்லிக்கு நான் முதலில் வந்தபோது எனக்கு இடம் கொடுத்தவள் அவள். அம்மா ஸ்தானம் என்று வைத்துக்கொள். நீ பிள்ளைகளோடு மொட்டை மாடியில் விளையாடிக்கொண்டிருந்தாய். அக்கா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, வளையல் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாரு, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. ஒங்க வீட்டுப் பின்னால ஞாயித்துக்கெழமை ஆனா ஒரே கூத்தாமே?"

"என்ன கூத்துக்கா? சரவணன் விளையாடறான்."

"அவன் விளையாடறான், சரி. நீயும் குடையத் தூக்கிட்டு ஓடறியாம். மாடி ஆளு வேற. ஒங்க லைன்ல ரெண்டு பேரு எங்கிட்டயே கேட்டாச்சு, அவரு ஒங்களுக்குச் சொந்தமான்னு. நான் என்னன்னு சொல்ல?"

"விளையாட்டுதானேக்கா. இவருகூட பொங்கலுக்கு வந்தப்ப..."

"ஒம்புருசன் தங்கம்டி. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவரு அண்ணன் சும்மா இருப்பாரா? பேச்சு ஊருக்குப் போச்சுன்னா பையன இங்க வச்சுக்க விடுவாங்களா? யோசிச்சுப் பாரு."

அக்காவைத் திட்ட வேண்டாம். அவள் என்மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னாள். உன்னைத் திருச்சிக்கு அனுப்பிவிடு என்று உன் பெரியப்பா ஏற்கெனவே இரண்டு தடவை கடிதம் எழுதியிருந்தார். அந்தப் பயம் உண்மை. ஆனால் அது மட்டும் என்றால் நான் நிமிர்ந்து நின்றிருப்பேன் சரவணா. மந்திராலயத்தில் எத்தனை பேருக்கு எதிரே நின்றிருக்கிறேன். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ என் மடியில் தூங்கிவிட்டாய். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே யோசித்தேன். வாராவாரம் அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறேனே. பால் திரிந்தது முதல் உன் பல் விழுந்தது வரை எழுதுகிறேனே. ஞாயிற்றுக்கிழமை விளையாடினோம் என்றும் எழுதியிருக்கிறேன். ஆனால் பொங்கலுக்கு அப்பா நேரில் வந்து பார்க்கும்வரை, மாடிக்காரரும் வந்தார் என்று ஒரு கடிதத்தில்கூட எழுதவில்லை. ஏன் எழுதவில்லை?

உன்னிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தவறாக எதுவும் நடக்கவில்லை. தவறான ஒரு பார்வை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே எனக்கு மனசு லேசாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு நல்ல வாயில் புடவையை எடுத்து வைப்பேன். படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அவர் மேல் ஆசையா என்று கேட்டால், இல்லை. உன் அப்பாவைத் தவிர யாரையும் நான் நினைத்ததில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், யாரோ ஒருவர் என்னைப் பார்த்து "நீங்க சொல்லுங்க" என்று கேட்கிறார். அதற்காகக் காத்திருந்தேன். அவ்வளவு பசியாக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அக்கா சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் சிரித்துத் தள்ளியிருப்பேன். அதில் ஒரு கடுகளவு என் மனசுக்குள் இருந்தது. அதைக் கண்டுதான் மிரண்டுபோனேன்.

மறுநாள் காலை பால் பூத்தில் அவரைப் பார்த்தேன். வரிசையை விட்டுத் தள்ளி வரச் சொல்லி, ராத்திரியெல்லாம் மனசுக்குள் கோத்து வைத்திருந்த ஹிந்தியில் சொன்னேன். "நேகிஜி, இனிமே நீங்க விளையாட வராதீங்க. லோக் பாதேன் கர்தே ஹைன்." ஆட்கள் பேசுகிறார்கள் என்று. அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. என்ன பேசுகிறார்கள், யார் பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. பால் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அச்சா பாபிஜி" என்றார். இரண்டடி நடந்து, திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டார். "பையன்கிட்ட என்ன சொல்வீங்க?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

என்ன சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். வேலை அதிகம், ஆபீஸ் போகிறார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? "நான் போய்க் கேட்டுட்டு வரேம்மா" என்று இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிவிடுவாய். கதவைத் தட்டுவாய். கையைப் பிடித்து இழுத்து வருவாய். நீ படியேறிப் போகவே கூடாது. அதற்கு ஏற்ற ஒரு காரணம் எனக்கு வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீ தடியோடு படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சொன்னேன். "அவரு வர மாட்டாருடா. சின்னப் பசங்களோட விளையாடறது அவருக்குப் பிடிக்கலயாம். எங்கிட்ட சொன்னாரு."

நீ அழுவாய் என்று நினைத்தேன். அழவில்லை. "எப்ப சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாய். "நேத்து" என்றேன். நீ அந்த அறுத்த இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாய். எனக்கு உயிர் போய்விட்டது. நீ கதவைத் தட்டவில்லை. தடியை அவர் வாசலில் படுக்க வைத்துவிட்டு இறங்கி வந்து, கணக்கு நோட்டைப் பிரித்து உட்கார்ந்தாய். ஒன்பது வயதுப் பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகக் கணக்குப் போடுவதைப் பார்த்தால் ஒரு தாய்க்குப் புரிய வேண்டும். எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ படிக்கட்டில் அவரைப் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாய். ஒரு தடவை சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி சிராய்ந்தபோது ஓடி வந்து தூக்கியவர் அவர். நீ கையை உதறிவிட்டு நொண்டிக்கொண்டே வந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் உன் சைக்கிளை நிமிர்த்தி, செயினை மாட்டி, நம் வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போனார். மழைக்காலத்தில் டப்பாக்கள் எல்லாம் நீர் நிறைந்து தவளைகள் குடியேறின. நீ ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ நண்பன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு போய் ஆக்ராவிலிருந்து தட்டிக்கொண்டு போனேன். யார் எண்ணிக்கை சொல்வது, யார் சண்டை போடுவது? போபால் வரை போயிருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் மாடி பால்கனியில் அவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், உலர்த்தாத துணியோடு பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான். அந்தக் கதவுச் சத்தத்துக்குப் பிறகு நான் குடையை மழைக்கு மட்டும்தான் எடுத்தேன்.

அந்தத் தீபாவளிக்கு வந்தபோது அப்பா கேட்டார், "மாடிக்காரர் இப்ப வர்றதில்லையா?" என்று. "வேலையாம்" என்றேன். "பாவம், தனியா கெடக்கறாரு. நாம கூப்புட்டா வருவாரு" என்றார். அவரிடமும் சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவர் கண்ணை மூடும்வரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அடி போடி, இதுக்கா அந்த மனுசன வேண்டாம்னே" என்று திட்டிவிட்டு நேராக மாடிக்குப் போயிருப்பார். இப்போது தெரிகிறது.

இரண்டு வருஷம் கழித்து நேகிக்கு டேராடூனுக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில் கீழே வந்து வாசலிலேயே நின்று, "சரவண் இருக்கானா?" என்றார். நீ உள்ளறையில் இருந்தாய். நான் திரும்பிப் பார்த்தேன். நீ தலையை ஆட்டினாய், இல்லை என்று சொல் என்று. "டியூஷன் போயிருக்கான்" என்றேன். உன் செருப்பு வாசலில் அவர் காலடியில்தான் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். "அவனுக்கு என் ஆசீர்வாதம் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் டெம்போவில் ஏறினார். நான் உன்னிடம் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

இதையெல்லாம் மூடி வைத்து நிம்மதியாகத்தான் இருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் குழந்தைகள் மறந்துவிடும் என்று எல்லாரும் சொல்வார்களே, அதை நம்பினேன். நீ மறக்கவில்லை. மறக்காதது அவரை அல்ல; அந்தப் பாடத்தை. காலேஜில் உன் உயிர் நண்பனாக இருந்த பையன் ஒரு மாதம் பேசாமல் இருந்தபோது, என்னவென்று கேட்கக்கூட இல்லாமல் நீ அவனை விட்டுவிட்டாய். போன வருஷம் நந்தினிக்கும் உனக்கும் மனஸ்தாபம் வந்தபோது என்னிடம் சொன்னாயே, "அவளுக்குப் பிடிக்கலன்னா போகட்டும்மா. நான் போய் நின்னு கேட்டுட்டு இருக்க மாட்டேன்." உனக்குப் பிடிவாதம், அப்பா வழி என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். அப்பா வழி இல்லை. நான் செய்தது. ஒருவர் விலகிப் போனால் அதற்கு அர்த்தம் நம்மைப் பிடிக்கவில்லை என்பதுதான், கேட்பது அவமானம் என்று உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கற்றுக்கொடுத்தவள் நான். நல்ல வேளை, நந்தினி தானே ரயிலேறி உன் வாசலுக்கு வந்து சண்டை போட்டாள். எல்லா முறையும் அவளே வருவாள் என்று இருந்துவிடாதே. கல்யாணத்தில் மௌனம் வரும் நாட்கள் நிறைய உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது; உன் அம்மாவுக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்ததா? போய்க் கேள். கதவைத் தட்டிக் கேள். உண்மையான பதில் கசப்பாக இருந்தால்கூட, நீயாகக் கற்பித்துக்கொள்ளும் பதிலைவிட அது நல்லது. இன்னொன்று, அவள் யாருடன் சிரித்தாள் என்று உன்னிடம் வந்து சொல்கிறவர்கள் வருவார்கள். வந்தால், அவள் முன்னால் வைத்தே அவர்களைச் சொல்லச் சொல்.

இதை எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். அவருடைய பழைய ஆபீஸில் பென்ஷன் பிரிவில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் மூலம் நம்பர் வாங்கி, செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் செய்தேன். அவர் பெண் எடுத்தாள். கிட்வாய் நகர் என்றதும், "பாபா!" என்று அப்பாவைக் கத்திக் கூப்பிட்டாள். அவர் குரல் கிழடாகிவிட்டது. காது மந்தம் போல, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும், நீ எவ்வளவு உயரம் என்று கேட்டார். என் ரத்த அழுத்தத்தையோ, ரிட்டையர்மெண்டையோ கேட்கவில்லை. முதல் கேள்வியே உன் உயரம். ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி என்றேன். பக்கத்தில் அவர் மனைவி யாரென்று கேட்பது கேட்டது. "தில்லியில கீழ் வீட்டு பாபிஜி, சரவணோட அம்மா" என்றார். "ஓ, சரவணா!" என்றது அந்தக் குரல். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு உன் பெயர் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் அவர் அவளுக்கு எழுதியிருக்கிறார், யார் எத்தனை அடியில் முடித்தார்கள் என்பது உட்பட. மறைக்க அவரிடம் எதுவும் இருந்ததில்லை.

நான் உன்னிடம் சொன்ன பொய்யை அவரிடம் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்த அன்றைக்கு, "உங்களுக்குத்தான் என்னோட விளையாடப் பிடிக்காதே" என்று நீ அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கையை உதறினாயாம். "அப்பவே நீங்க அவன்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே, நேகிஜி" என்றேன். எனக்காக அப்போது பேசிய அதே மெதுவான ஹிந்தியில் அவர் சொன்னார். "அவன் உங்களோடதானே இருக்கணும், பாபிஜி. என்னோட இல்லையே."

கல்யாணத்துக்கு வரச் சொன்னேன். பையன் கூப்பிட்டால் வருகிறேன் என்றார். நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். கூப்பிடுவது, கூப்பிடாதது உன் விருப்பம். நான் இனி அதில் தலையிட மாட்டேன்.

நான் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். அதை அதற்குள் சொல்லிவிடு. போனில் திட்டு, நேரில் திட்டு, எப்படியானாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மனசுக்குள் வைத்துக்கொண்டு, மண்டபத்தில் நந்தினி வீட்டார் முன்னால் என்னிடம் மரியாதையாக, "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்டுவிட்டு நகர்ந்து போகாதே. பிறந்ததிலிருந்து நீ என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். அந்த "ங்க" உன் வாயில் வந்தால், நான் அந்தக் கூட்டத்தில் எங்கே போய் உட்காருவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்
அம்மா